இரண்டாம் அத்தியாயத்தில் மூச்சு

பதினொரு நாவல்கள், முப்பத்தெட்டுப் பிணங்கள்.
கணக்கு என்னுடையதல்ல.
துர்க்கு நகரத்து நூலகர் ஒருவர்
கூட்டத்தில் விரல்விட்டு எண்ணிச் சொன்னார்.
கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

நானூறு பக்கம் எனக்குப் பழகிய வீடு.
எந்தப் படி கிறீச்சிடும்,
விளக்கு எப்போது அணைய வேண்டும்,
இருட்டிலும் தெரியும்.

சிறுகதை அப்படியல்ல.
ஒருமுறை முயன்றேன். ஒன்பது பக்கம்.
பிணம் சூடு ஆறுவதற்குள் இடம் தீர்ந்தது.
ஆய்வாளர் கோட்டைக் கழற்றவே
ஒன்றரைப் பக்கம் தின்றுவிட்டார்.
பத்திரிகையிலிருந்து ஹெல்யா வெஸ்டர்மார்க் எழுதினாள்:
"இது கதையல்ல.
லிஃப்டில் மாட்டிக்கொண்ட நாவல்."
கடிதத்தை வரி ரசீதுகளுக்கு அடியில் வைத்தேன்.

அப்புறம் அந்தக் குளிர்காலம்.
ஔரா ஆற்றின்மேல் நாய்கள் நடந்த மாதம்.
ஐந்து பேர், ஒரே கதை.
முன்னால் எழுதியதை அழிக்கக் கூடாது,
அடுத்தவரிடம் எதையும் கேட்கக் கூடாது.
முதல் அத்தியாயமும் கடைசியும் எனக்கு;
அட்டையில் பெயர் அச்சானவன்
நான் ஒருவன்தானே.

ஸ்டாக்ஹோம் போகும் இரவுக் கப்பல்.
கார்கள் நிற்கும் கீழ்த்தளம்.
சாம்பல் நிற வேனின் பின்னிருக்கையில்
ஒருவனைக் கிடத்தினேன்.
இடது கையில் மட்டும் உறை. ஈரமான உறை.
கொன்றது யாரென்று
சீட்டில் எழுதி, மடித்து,
சர்க்கரை டப்பாவுக்குள் போட்டேன்.

இரண்டாவது, சிர்க்கு. பல் மருத்துவர்.
முதல் வரியிலேயே
அவனைக் குறட்டை விடச் செய்தாள்.
தூங்கினானாம்!
என் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.
செத்தான் என்று
எங்கும் எழுதவில்லைதான்.
கிடத்தினேன் என்றால் போதாதா?
போதாதாம்.
போகிற போக்கில்
கீழ்க்கடைவாயில் ஒரு வலியும் வைத்தாள்.

தேப்போ ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி.
வேனைச் சோதனை போட்டு
பதினாறு பொருட்களைக் குறித்தார்.
எதுவும் தடயமல்ல.
வாளி, கயிறு, காலி தெர்மாஸ்,
முப்பத்தொன்றாம் அளவில்
ஒரு ஜோடி பனிக் காலணி.

அந்தக் காலணிக்குள்
மாணவன் ஓட்சோ ஒரு சிறுமியை நிறுத்தினான்.
வாரம் விட்டு வாரம் அப்பாவிடம் வருகிறவள்.
பெயர் வைக்கவில்லை.
கேட்கக் கூடாது என்பது விதி;
நானும் கேட்கவில்லை.

பேருந்து ஓட்டும் லெம்பி
இரண்டே பக்கம் எழுதினாள்.
மேல்தளத்தில் பனி.
மகள் தன் வலது உறையைக் கடலில் தவறவிட,
அப்பா தன்னுடையதைக் கழற்றிக் கொடுக்கிறான்.
மிச்சமிருந்த இடது கையால்
இருவருக்கும் பனியுருண்டை பிடிக்கிறான்.
அவ்வளவுதான்.
என் ஒரே துப்பு
அவள் கையில் கரைந்து சொட்டியது.

மார்ச்சில் என் முறை வந்தது.
ஆற்றில் பனி விரிசல் விடும் சத்தம்,
பக்கத்து அறையில் யாரோ
பீங்கான் அடுக்குவதுபோல.
மூடிய வேனுக்குள் ஒருவனைக் கொல்ல
எனக்கு ஏழு வழி தெரியும்.
டப்பாவைத் திறந்தேன்.
சீட்டில் ஒரே சொல்: மனைவி.
இப்போது அவள்
அடுத்த வாரத்துக்காகக் காத்திருக்கும்
சிறுமியின் அம்மா.

நாலு பக்கம் எழுதினேன்.
கப்பல் கரை தட்டுகிறது,
இரும்புக் கதவு இறங்குகிறது, வெளிச்சம்.
அவன் எழுந்து தாடையைத் தடவிக்கொள்கிறான்.
மகள் உறையைத் திருப்பித் தருகிறாள்.
உள்ளே இன்னும் சூடு.

வாசித்து முடித்ததும் யாரும் பேசவில்லை.
லெம்பிதான் கடைசியில்,
"எப்போது குத்துவீர்களோ என்று
வயிற்றைப் பிடித்துக்கொண்டே கேட்டேன்" என்றாள்.
தேப்போ தலையாட்டினார்.
முப்பத்தெட்டுப் பேரைக் கொன்றும்
இப்படியொரு பயத்தை
நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.
பன்னிரண்டாம் நாவல் நாற்பதாம் பக்கத்தில் நிற்கிறது.
குளியலறைத் தரையில் ஒருவர்.
செத்துவிட்டார் என்று எழுத வேண்டும்.
காலையிலிருந்து மூன்று காப்பி ஆகிவிட்டது.
வியாழக்கிழமை சிர்க்குவிடம்
நேரம் வாங்கியிருக்கிறேன்.
கீழ்க்கடைவாயில்,
இடது பக்கம்,
ஏதோ குத்துகிறது.